வெள்ளை வந்தால் கப்பல்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே சாரல். மாடியில் போட்ட துணி எல்லாம் ஹாலுக்கு வந்துவிட்டது. மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க வேண்டும். இன்றும் சட்னி ஒழுகியது.

சுபிக்குக் கடற்படையிலிருந்து மெயில். தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தேறி, ஜூலை முதல் வாரம் பயிற்சியில் சேரச் சொல்லி. கேரளாவில், கண்ணூர் பக்கம். முடித்தால் அதிகாரி. என் மகள். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஓடி வந்து முதலில் கட்டிக்கொண்டது அப்பாவை. எனக்குக் கையெல்லாம் மாவு. அதனால்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

இவர், "கப்பல்ல ஏத்துவாகளா? பொம்பளப் பிள்ளைகளையுமா?" என்றார்.

"சண்டைக் கப்பல்லயே ஏத்துவாகப்பா."

"சண்டைக் கப்பலா." டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

எனக்குச் சந்தோஷம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். சந்தோஷத்துக்கு அடியில் இன்னொன்று. நான் வெகுநேரம் நின்ற வரிசையில், எனக்குப் பின்னால் வந்தவளை உள்ளே கூப்பிட்டதுபோல.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீஸ். சர்வர் பதினொரு மணிவரை இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் என் வேலையே ஆபத்தை எடைபோடுவது. வயது, சர்க்கரை, பிரஷர், தொழில். தொழில் என்ற கட்டத்தில் 'விவசாயம்' என்று இருந்தால் கண் நிற்காமல் நகரும். 'பட்டாசு' என்றால் நிற்கும்.

பாண்டியன் சாரிடம் கேட்டேன், கடற்படை என்றால் கூடுதல் பிரீமியம் உண்டா என்று.

"யாருக்கும்மா?"

"ஒரு பார்ட்டி கேட்டாக."

"கம்பத்துல காலங்காத்தால எஸ்டேட் ஜீப்புல பதினஞ்சு பேர் தொங்கிக்கிட்டுப் போறாகளே, முதல்ல அவுகளுக்குப் போடணும்மா கூடுதல். கடல்ல எதுக்க வார லாரி கிடையாது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

மத்தியானம் ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

கடலில்: புயல். தீ. சண்டை வந்தால் சண்டை. தளத்தில் கால் வழுக்குவது. ஆண்களுக்கு நடுவே சில பெண்கள். கல்யாணம் தள்ளிப்போவது. மாதக்கணக்கில் முகம் பார்க்காமல்.

இங்கே: பைபாஸில் ஸ்கூட்டி. குமுளி மலைப்பாதை. திராட்சைக்கு அடிக்கும் மருந்து (இவர் இருமல்!). தப்பான மாப்பிள்ளை. ஒன்றுமே நடக்காமல் நாற்பத்தைந்து வயதாவது.

கடைசி வரியை எழுதியபின் தாளைக் கிழித்துப் போட்டேன். அது கிளெய்ம் கொடுக்கக்கூடிய ஆபத்து இல்லை.

ஜூன் 11, புதன்

காற்று. முல்லையாற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டதாம். தெருவெல்லாம் நாற்று பற்றித்தான் பேச்சு.

சாப்பிடும்போது இவர் ஆரம்பித்தார். "எனக்கு ஒரு முடிவும் பிடிபடல. குலசாமிகிட்டப் பூப் போட்டுப் பாத்துருவோம். வெள்ள வந்தா கப்பல். செவப்பு வந்தா இங்கனயே ஏதாச்சும் வேல பாக்கட்டும்."

சுபி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "போட்டுப் பாருங்கப்பா" என்றாள். கவலையே இல்லை.

"கிணத்துல நீந்துறாளேன்னு நெனைக்காத," என்றார் என்னிடம். "கிணத்துல எங்கிட்டுப் பாத்தாலும் சுவரு தெரியும். கடல்ல என்ன தெரியும்?"

சுபிக்கு ஆறு வயதில் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். இடுப்பில் மஞ்சள் எண்ணெய் கேனைக் கட்டி உள்ளே தள்ளிவிட்டார். அவள் அலறி, குடித்து, துப்பி, பிறகு சிரித்தாள். நான் மேலே துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று கோடைக்கு அந்தத் துண்டு. நீயும் இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பெரிய காரியம் எதுவும் பூப் போடாமல் நடந்ததில்லை. கிணறு வெட்ட, பெண் கொடுக்க, ஆபரேஷன் செய்ய. வெள்ளையும் சிவப்பும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் ஒன்றை மட்டும் எடுத்துப் பிரிப்பது. எனக்கும் போட்டார்கள். படிப்பு முடிந்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு எழுதித் தேறி, ஆர்டர் வந்தது. செவப்பு விழுந்தது. அந்தத் தை மாதமே கல்யாணம். சாமி தடுத்தது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், பெருமையாகக்கூட.

ஜூன் 12, வியாழன்

அரை நாள் லீவு. கம்பம் போய் அண்ணன் வீட்டில் சொல்லி வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட். சின்னமனூரில் ஒரு கோழிக்கூடை மடியில் ஏறியது.

அண்ணன் தோட்டத்தில். மதினி முற்றத்தில் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள், கையெல்லாம் எண்ணெய். விஷயத்தைச் சொன்னேன். கப்பல் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆத்தாடி! நம்ம சுபியா? ஏத்தா, அதுல கக்கூஸ் எல்லாம் இருக்குமா?"

"எல்லாம் இருக்கும் மதினி. சனிக்கிழம பூப் போடப் போறோம்."

"யாரு கட்டுறா?"

"என்னையத்தான் கட்டச் சொல்றாக."

"அப்புறமென்ன. கட்டுறவ கையிலதானத்தா இருக்கு. ஒனக்கு அனுப்ப மனசில்லேன்னா ரெண்டுலயும் செவப்ப வச்சுரு. ஒனக்கு நான் கட்டுன மாதிரி."

கேட்டது சரியாகத்தான் கேட்டது. இருந்தும், "என்ன மதினி?" என்றேன்.

"தூத்துக்குடிக்குப் போறேன்னு குதிச்சயே, அப்ப. ஒங்கண்ணன்தான் சொன்னாக, வயசுப்பிள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா விடமுடியாது, ரெண்டுலயும் செவப்பவே வையின்னு. நாந்தான் கட்டுனேன்." என் முகத்தைப் பார்த்தாள். "ஏ செல்வி, ஒனக்குத் தெரியாதா? தெரியும்னுல்ல நெனச்சேன் இம்புட்டு நாளும்!"

"தெரியாது."

"அட, எல்லார் வீட்டுலயும் நடக்குறதுதான். ரெண்டாவது பொட்டலத்தப் பிரிச்சா பாக்குறோம்? ஆத்துல விட்டுர்றோம். இந்தா, சுளை தின்னு. தேன் வருக்க."

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கேவலம்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். மதினிமேலும். வரவில்லை. உத்தமபாளையம் தாண்டி வந்தது சுபியின் முகம், அப்பளம் நொறுக்கிய முகம். அவளுக்கு நாளை மறுநாள் நிஜமான பூ. எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வெயிலும் சாரலும் சேர்ந்து. கியாஸ் புக் பண்ணியாயிற்று.

சுபி முடியை வெட்டிக்கொண்டு வந்தாள், தோளுக்கு மேலே. நான் எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. பியூட்டி பார்லர் பெண் "நிஜமாவே வெட்டவா?" என்று மூன்று தடவை கேட்டாளாம். பீரோக் கண்ணாடி முன் நின்று சல்யூட் அடித்துப் பார்க்கிறாள். முழங்கை சரியாக வரவில்லை என்று மறுபடி. அழகாக இருக்கிறாள். கழுத்து நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. என் கழுத்துதான் அது. என்னுடையதை யாரும் பார்த்ததில்லை.

"ம்மா, நீ ஏன் ஒண்ணுமே சொல்லமாட்டேங்குற? பயமா?"

"பயந்தான்."

"எனக்கும் கொஞ்சம் இருக்கும்மா. ஆனா நல்லாருக்கு அந்தப் பயம்."

'நல்லாருக்கு.' இந்த வார்த்தையை நாள் முழுக்கச் சுமந்தேன்.

பயம் என்று சொன்னால் மரியாதை. அம்மா பயப்படாமல் வேறு யார் பயப்படுவார் என்று தண்ணீர் கொடுப்பார்கள். இன்னொரு வார்த்தையை மிக்ஸி ஓடும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பொறாமை. பெற்ற பிள்ளைமேல். தேங்காய் அரைபடும் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அப்படியும் கூச்சமாக இருந்தது.

சாயந்தரம் பழனிசெட்டிபட்டி பூக்கடையில் அரளி வாங்கினேன். செவ்வரளி ஒரு கை, வெள்ளரளி ஒரு கை. பொட்டலத்துக்குள் தடவினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைக்கார அம்மா, "பூக் கேக்கவா? நல்லதே வரும் ஆத்தா" என்றாள்.

ஜூன் 14, சனி

குளித்துவிட்டுக் கட்டினேன். வாழை இலைத் துண்டு, விபூதி, பூ, வாழைநார்.

முதல் பொட்டலத்தில் சிவப்பு. இரண்டாவதற்கு வெள்ளையைத்தான் எடுத்தேன். பக்கத்து அறையில் சுபி போனில் தோழியிடம் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏய், நான் கடல் தண்ணியக் குடிச்சுட்டுத்தான்டி உனக்குப் போன் பண்ணுவேன்." வெள்ளையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சிவப்பை எடுத்தேன். இரண்டிலும் சிவப்பு. எழுதிவிட்டேன். புயலை நினைத்தோ தீயை நினைத்தோ வைக்கவில்லை.

மிச்ச வெள்ளரளியை வாசல் பிள்ளையாருக்கு.

குச்சனூர் வழியாகப் போக வேண்டும். சனிக்கிழமைக் கூட்டம், வேன்கள், எள் விளக்கு விற்பவர்கள். குலசாமி கோயிலுக்கு வர வெயில் ஏறிவிட்டது. பூசாரி இரண்டையும் சாமி காலடியில் வைத்தார். கும்பிட வந்த யாரோ வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். அது முறுக்கு ஒட்டிய கையால் எடுத்தது.

சிவப்பு.

இவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "சாமி சொல்லிருச்சு. விடு பாப்பா."

நான் சுபியைப் பார்த்தேன். பார்க்கத்தான் இத்தனையும் செய்தேனோ என்னவோ. என் முகம் அன்று எப்படி விழுந்திருக்கும் என்று.

அவள் முகம் விழவில்லை. விபூதி எடுத்துப் பூசிக்கொண்டாள். "சரிப்பா. சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு, கேட்டுக்கிட்டேன். நான் போறேன்."

"என்னது?"

"சாமி சொன்னத நான் கேட்டேன்ல? நான் சொல்றத சாமியும் கேக்கட்டும். திரும்பி வந்து கெடா வெட்டிச் சமாதானம் பண்ணிக்கிறேன்."

பூசாரி, "பிள்ள வெவரம்தான்" என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "பூவ மீறிப் போற பிள்ளைய நான் கொண்டுபோய் விடமாட்டேன். ரயிலடிக்குக்கூட வரமாட்டேன். பாத்துக்க."

சுபி அப்போதுதான் அழுதாள். போக முடியாது என்பதற்காக இல்லை, அப்பா வரமாட்டார் என்பதற்காக. அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள். அழுதுகொண்டே, போவதில் மாற்றமில்லாமல்.

நான் எங்கே நின்றேன், என்ன செய்தேன், நினைவில்லை. வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்தால் இரண்டாவது பொட்டலம். பூசாரி என் கையில் கொடுத்திருக்கிறார், ஆற்றில் விடச் சொல்லி. யாருமே ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். வாஷர் வாங்கினேன், சைஸ் தப்பு.

நேற்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசவில்லை. சுபி இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள். வெள்ளை சாக்ஸ், கறுப்பு ஷூ எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது, ஒரு நிமிஷம். பிறகு பிடிக்கவில்லை.

தோட்டத்துக்குப் போனேன். இவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை நீட்டினேன்.

"இதையும் பிரிங்க."

"ரெண்டாவதப் பிரிக்கக் கூடாது."

"பிரிங்க."

நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தார். வாடிப்போன சிவப்பு. விரலால் கிளறிப் பார்த்தார்.

"ரெண்டுமா?"

"ரெண்டும். நாந்தான் வச்சேன்."

"பயந்துட்டயா?"

ஆமாம் என்றால் அதோடு முடிந்திருக்கும். "இல்லைங்க. பொறாமை."

"யாரு மேல?"

"உங்க மக மேல."

தலையில் ஈயைத் தட்டுவதுபோல ஏதோ செய்தார். அவருக்குப் புரியவில்லை. ஆனால் பொட்டலத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு, "அப்ப சாமி ஒண்ணுஞ் சொல்லலையில்ல," என்றார். குரலில் தெம்பு வந்துவிட்டது. "மறுபடி போடணுமோ?"

"வேண்டாம். நீங்களே கொண்டுபோய் விடுங்க."

"கண்ணூருக்கு எந்தப் பக்கம் போகணும்?" அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

மத்தியானம் சுபியிடமும் சொன்னேன், இரண்டும் சிவப்பு, நான்தான் வைத்தேன் என்று. கோபப்படுவாள் என்று சமையலறையில் தயாராக நின்றேன். "செம ஆளும்மா நீ!" என்று சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்புறம் என் கதையையும் சொன்னேன். தூத்துக்குடி, ஆர்டர், பூ. மதினி கட்டியது மட்டும் சொல்லவில்லை, எதனாலோ.

"அப்ப நீ ஏம்மா போகல?"

"செவப்பு விழுந்துச்சுல்ல."

கேலியாகக் கேட்கவில்லை. ஷூ லேஸைக் கோத்துக்கொண்டே, நிஜமாகவே புரியாமல் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"சரி. அதுனால?"