ஊருக்குப் போனவளுக்கு

என் அருமை அஞ்சலைக்கு,

"நாங்கள் இங்கு நலம், உன் நலம் அறிய ஆவல்" என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். நம் ரப்பர் தோட்டத்து லயத்துச் சனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கடிதம் எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் அப்படித்தான் தொடங்குவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றபடி, "எல்லாருக்கும் ஒரே பொய்யத்தான் எழுதுறீங்க" என்று சிரிப்பாய். உனக்கு அந்தப் பொய் வேண்டாம். நாங்கள் நலமாக இல்லை. உன் நலம் அறிய வழியும் இல்லை.

உனக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்திருந்தாலும் நான்தான் வாசித்துக் காட்டியிருப்பேன். அதனால் இப்போதும் வாய்விட்டு வாசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அடுத்த வீடு காலி. அதற்கும் அடுத்த வீட்டில் கேட்டால் கேட்கட்டும்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் வராது. விடியலில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட கையோடு, மருந்து கொடுக்கும் டிரசர் காய்ச்சலுக்கான கொயினாத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார். குடித்தவர்கள் வாயைத் திறந்து தங்கள் பேரைச் சொல்ல வேண்டும். வாயில் ஒதுக்கிக்கொண்டு போய்த் துப்பாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது. நீ மட்டும் அதை எங்கே ஒதுக்கினாயோ தெரியாது, "அஞ்சலை" என்று மணி மாதிரி சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய்த் துப்பினாய். கொயினா குடித்தால் கரு கலைந்துவிடும் என்று எவளோ உன்னிடம் சொல்லியிருக்கிறாள். கருவைக் காப்பாற்றப் போய் அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். உன் மேல் கோபப்படாமல் நான் வேறு யார் மேல் கோபப்படுவது, சொல்?

காய்ச்சலோடு உன்னைச் சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையில் தோட்டத்து லாரிதான் வந்தது. நீ மடியில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாய். ஆயாக் கொட்டகை வாசலில் நின்று நம் பிள்ளை பொன்னி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டாம் நாள் தனியாகத் திரும்பி வந்தேன். என் நகத்தில் இருந்த மண் கூட இன்னும் போகவில்லை. "அம்மா எங்கப்பா?" என்று வந்து காலைக் கட்டிக்கொண்டாள். கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் அடுத்த வீட்டு முனியம்மா அக்காதான் முந்திக்கொண்டு சொன்னார், "அம்மா ஊருக்குப் போயிருக்குடா கண்ணு."

அவர் சொன்னது புதிதில்லை. செத்தவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வதுதானே நம் லயத்து வழக்கம். தோட்டத்தில் மூட்டையோடு லாரி ஏறுகிறவர்கள் எல்லாம் லாபிஸ் ஸ்டேஷனில் ரயில் பிடித்து, கப்பலேறி, ஊருக்குத்தான் போகிறார்கள். லாபிஸ் நமக்கு ஊர் இல்லை, சிகாமட் ஊர் இல்லை, அதெல்லாம் வெறும் இடம். ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒன்றுதான். லயத்தில் பிறந்த பிள்ளை, அதைக் கண்ணால் பார்த்தவளா என்ன? போனவர்கள் எல்லாம் அங்கே சுகமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நம் லயம் ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தது. உன்னோடு தண்ணீர்க் குழாயில் தினமும் சண்டை போடுவாளே, அந்தச் செவத்தக்கண்ணு கூட, "ஒங்கம்மா ஊர்லேருந்து என்னா கொண்டாருவா?" என்று பொன்னியைக் கொஞ்சுவாள். நான் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்வேன்.

நீ போனதற்குப் பிறகு வந்த வருஷத்தை எந்த இடத்திலிருந்து சொல்வது? ரப்பர் விலை விழுந்தது, அஞ்சலை. விழுந்தது என்றால் எழுந்திருக்கவே இல்லை. நான் புகை போட்டு எடுத்த ரப்பர் ஷீட்டுகள் வாங்க ஆளில்லாமல் ஸ்டோரில் அடுக்கிக் கிடந்தன. சம்பளத்தைக் குறைத்தார்கள். அது போதவில்லை என்று இன்னொரு தரம் குறைத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பாலுக்கு மரப்பட்டை வெட்டச் சொன்னார்கள். வெட்டாத நாளில் வயிறு மட்டும் லீவு எடுத்துக்கொள்ளுமா? லாபிஸ் சீனக் கடை முதலாளி, நம் தவுக்கே, நல்ல மனிதர், நம்மிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவரே ஒருநாள் கையை விரித்து, "தாடா, தாடா", இல்லை இல்லை என்றார். அவர் கடைத் தட்டுகளும் காலியாகத்தான் இருந்தன.

உன் கோழிகளை விற்றேன். பிறகு உன் காதுத் தோட்டை விற்றேன். மூக்குத்தியைத் தொடவில்லை, அது பொன்னிக்கு. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி போட்டிருக்கிறேன், காலையும் மாலையும் அதுதான். நீ இருந்தால் அதிலும் ஏதாவது வகை செய்திருப்பாய். நான் அவிப்பேன், உப்புப் போடுவேன், அவ்வளவுதான் என் சமையல்.

பட்ட காலிலேயே படும் என்பது சும்மா இல்லை. பொன்னிக்கும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இடது விலாவுக்குக் கீழே காய்ச்சல் கட்டி கையில் தட்டுப்படுகிறது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. ஆனால் உன் பிள்ளை உன்னை மாதிரி இல்லை, கொயினாவைக் குடித்து முடித்து டிரசருக்கு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் பேரைச் சொல்வாள். தலையில் பேன் மண்டி, முடியை வெட்டிவிடலாம் என்று கத்தரியை எடுத்தால் ஒரே கூச்சல். "வெட்டாத! அம்மா வந்து பின்னும்!" நான் கத்தரியை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தேன். இப்போது எனக்குப் பின்னத் தெரியும். கோணலாகத்தான் வருகிறது.

எனக்கும் காய்ச்சல்தான். யாரிடமும் சொல்லவில்லை. புகைக்கூடத்தில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு, கண் சிவந்தாலும் உடம்பு சுட்டாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கருவாடு என்று எனக்குப் பேர் வைத்தாயே, அந்தக் கருவாட்டு வாடைதான் என்னைக் காப்பாற்றியது. மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அடிக்கடி படுக்கிறவர்களைத்தான் முதலில் ஊருக்குத் திருப்பியனுப்பும் கப்பலுக்கு எழுதுகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

பேச்சு உண்மையாயிற்று. ஒரு காலை பெரட்டில் துரை வந்து நின்றார். தோட்டத்துக்குப் பாதி ஆள் போதும், விருப்பப்பட்டவர்கள் பேர் கொடுக்கலாம், கப்பல் செலவு நம்முடையதில்லை என்று கங்காணி இருளப்பன் எடுத்துச் சொன்னார். புகைக்கூடத்தில் நானும் முனியம்மா அக்கா வீட்டுக்காரர் சடையனும் இரண்டு பேர். இனி ஒருவர் போதும் என்றும் சொல்லிவிட்டார். சடையன் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

"ஊருக்குப் போறவங்க கையத் தூக்குங்க" என்றார் கங்காணி. ஒருவரும் தூக்கவில்லை. அப்போது என் இடுப்பு உயரத்தில் ஒரு கை மேலே போயிற்று.

"நாங்க வர்றோம்! நானும் எங்கப்பாவும். எங்கம்மா அங்கதான் இருக்கு!"

அஞ்சலை, அத்தனை சனம் நின்றது. உன்னைத் தெரியாதவர் அதில் யார் இருந்தார்கள்? செவத்தக்கண்ணு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். துரைக்கு ஒன்றும் புரியாமல், சின்னப் பெண்ணுக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்துச் சிரித்தார். கங்காணி மட்டும் குனிந்தபடி, "சரி சரி, எல்லாம் வேலைக்குப் போங்க" என்று களத்தைக் கலைத்துவிட்டார்.

பொழுது சாய அவர் நம் வீட்டுக்கு வந்தார். "புள்ள சொன்னத நான் எழுதலப்பா. ஆனா யாரையாச்சும் எழுதியாவணும். நீ பொண்டாட்டி இல்லாதவன், நீ போறதுதான் எனக்குச் சுளுவு. நாளைக்குள்ள சொல்லு" என்றார்.

போவதா? எங்கே போவது? மழையில்லை, கிணறு வறண்டுவிட்டது, இருக்கிற இடத்திலேயே இரு என்று ஊரிலிருந்து என் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். உன்னையும் உன் வயிற்றில் இருந்ததையும் சிகாமட் ஆற்றோரத்தில் விட்டுவிட்டு எப்படிக் கப்பலேறுவது? அதெல்லாம் கூடப் பொறுக்கலாம். கப்பலிலிருந்து இறங்கியதும் அவள் கேட்பாளே, "எங்க அம்மா?" என்று. ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய் எட்டிப் பார்ப்பாளே. அந்தக் கரையில் வைத்து அவளிடம் நான் என்ன சொல்வேன்?

இங்கேயே இருக்க வேண்டுமானால் இங்கேயே சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு நான் இருந்துகொண்டால், எனக்குப் பதில் அடுத்த வீட்டுச் சடையன் குடும்பம் லாரி ஏறும்.

முனியம்மா அக்கா எல்லாவற்றையும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். விடிந்ததும் வந்து நின்றார். முகம் கடுகடு என்று இருந்தது. "நீ போனா நாங்க இருப்போம் தம்பி, அது எனக்குத் தெரியாம இல்ல. ராத்திரி பூரா அந்த நெனப்புத்தான், மறைக்கல. அதுக்காவ ஒரு புள்ளையப் பொய்ய நம்ப வச்சு கப்பலேத்துவியா? சொல்லு இப்பவே. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன், பொய் என்னோடது." எனக்கு அவர் கோபத்தைத் தாங்க முடியவில்லை. கொஞ்சிச் சொல்லியிருந்தால் நான் இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

சொன்னேன். பொன்னியை மடியில் உட்கார வைத்து, அம்மா ஊருக்குப் போகவில்லை, சிகாமட்டில் செத்துப்போய்விட்டது, அப்பாதான் மண் போட்டேன், இனி வராது என்று சொன்னேன். அவள் அழவில்லை. என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அப்ப ஊருக்குப் போறதுன்னா செத்துப் போறதா?" என்று கேட்டாள். "இல்லடா, அது வேற, இது வேற" என்று நானும் அக்காவும் ஒன்றாகச் சொன்னோம். சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலம் அவளே கத்தரியை எடுத்து வந்து நீட்டினாள். வெட்டிவிட்டேன், அஞ்சலை. நீ பின்னிவிட்ட முடி அது.

நான் போகவில்லை என்று கங்காணியிடம் சொல்லிவிட்டேன். லாரி வந்த நாளில் எட்டு வீட்டுச் சனம் ஏறியது. முனியம்மா அக்கா மடியில் துணி மூட்டையை வைத்துக்கொண்டு, நீ உட்கார்ந்த அதே மூலையில் உட்கார்ந்தார். வேண்டுமென்று உட்காரவில்லை, இடம் அங்கேதான் இருந்தது. சடையன் என் கையைப் பிடித்தார். யாரோ வழக்கம்போல, "அத்தை ஊருக்குப் போவுது, டாட்டா சொல்லு பொன்னி" என்றார்கள்.

அவள் போட்ட சத்தத்தை எப்படி எழுதுவேன்? "அத்தைய ஏத்தாதீங்க! அத்தை செத்துடும்! எறக்குங்க, எறக்குங்க!" என்று லாரிச் சக்கரத்தைப் போய்க் கட்டிக்கொண்டாள். பிள்ளையை இழுத்துப் பிடிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. அதுவரை அழாமல் இருந்த பெண்கள் எல்லாரும் லாரியிலும் கீழேயும் ஒப்பாரி வைத்த மாதிரி அழுதார்கள். அக்கா மட்டும் அழவில்லை. "நான் சாவ மாட்டேன்டி! போய்ச் சேந்து கடுதாசி போடறேன், ஒங்கப்பன் படிப்பான்!" என்று கத்திக்கொண்டே போனார். லாரி திரும்பும் வரைக்கும் அந்தக் குரல் கேட்டது.

கடிதம் இன்னும் வரவில்லை. அக்காவுக்கும் எழுத்து தெரியாது. இங்கே லயத்துக்கு நான் இருந்தேன், அங்கே அவருக்கு யார் எழுதிக் கொடுப்பார்? கப்பலில் நோய் என்றும் பேசிக்கொள்கிறார்கள், நான் அதைக் காதில் வாங்குவதில்லை. பொன்னி தினமும் கேட்கிறாள், "அத்தை எங்கப்பா?" என்று. "ஊருக்குப் போயிருக்குடா" என்கிறேன். உன் விஷயத்தில் பொய் சொன்னபோது நம்பினாள். இப்போது உண்மையைச் சொல்கிறேன், அவள் என் நகத்தைப் பிடித்து மண் இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

புகைக்கூட வேலை எனக்கே நிலைத்தது. காய்ச்சல்தான் நின்றபாடில்லை. மழை பிடித்துக்கொண்டது, சிகாமட்டில் ஆறு ஏறிவிட்டது என்கிறார்கள். நீ இருக்கும் மேட்டுக்குத் தண்ணீர் வந்ததோ என்னவோ. நான் நட்ட செம்பருத்திக் குச்சி பிழைத்ததோ என்னவோ.

தண்ணீர் வடிந்ததும் பொன்னியைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் வருகிறேன், இது சத்தியம். மேடு கரைந்து போயிருந்தாலும் இடம் எனக்குத் தெரியும். அவள் கையாலேயே ஒரு பிடி மண்ணைப் போடச் சொல்லி, செத்துப்போனவர்கள் இங்கே இருக்கிறார்கள், ஊருக்குப் போனவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள் என்று காட்டித் தருவேன். அதுவரை நானும் சாகக் கூடாது, அஞ்சலை. என்னைப் பற்றி அவளிடம் எடுத்துச் சொல்ல அடுத்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. கொயினாவைத் துப்பாமல் குடிக்கிறேன். குடித்துவிட்டு, டிரசருக்குக் கேட்கிற மாதிரி என் பேரைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், பொன்னியின் அப்பன்,
கருவாட்டு வாடை போகாத கோவிந்தன்