கடலுக்கு லீவு, மீட்டருக்கு இல்லை

உனக்கு நடந்தது அநியாயம். நாம் சேர்ந்து நடத்திய பட்டறை உன் அவசரத்தால் மூடிப்போனது என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்கள். முதலில் இதை எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

இன்று காலை திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போனேன். நண்டு விற்கிற பெண்ணுக்கு முன்னால் ஒரு நீலப் பெட்டி. வெயிலில் வெளுத்து, ஒரு கைப்பிடி உடைந்து, அதற்குப் பதிலாக நைலான் கயிறு கட்டியிருந்தது. குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினேன். நடுவில் ஓட்டையே இல்லை. நான்கு மூலைகளில் மட்டும் தண்ணீர் வடியத் துளை. நம்முடையதுதான்.

"என்னண்ணாச்சி, நண்டு வாங்க வந்தீரா, பெட்டி வாங்க வந்தீரா?" என்று அவள் கேட்டாள்.

"இந்தப் பெட்டி நாங்க செஞ்சது தாயி."

"அப்படியா? இன்னொண்ணு இருந்தா தாரும். இப்ப வார பெட்டியத் தலையில வச்சா கழுத்துக்குள்ள ஊத்துது."

நண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை உனக்கு எழுதுகிறேன்.

அந்த மூலைத் துளைக்காக நீ என்னோடு எவ்வளவு சண்டை போட்டாய். அடி முழுக்க ஓட்டை விட்டால் அச்சு வெட்டுவது எளிது, பிளாஸ்டிக்கும் மிச்சம் என்றேன். நீ கேட்கவில்லை. உன் அம்மா ஓலைக் கடகத்தில் மீன் சுமந்தவர். ஐஸ் தண்ணீர் வழிந்து வழிந்து அவர் பின்கழுத்து எப்போதும் வெடித்துக் கிடந்ததை நீ பார்த்து வளர்ந்தவன். "மீனுக்குப் பெட்டி செய்யச் சொல்லல, சுமக்குதவளுக்குச் செய்யச் சொல்லுதேன்" என்றாய். அப்புறம் மூலையில் மட்டும் துளை விட்டே அச்சு வெட்டினோம்.

எனக்குப் படிப்பு கிடையாது. ஆற்றங்கரை வயலை விட்டுத் துறைமுகத்துக்குச் சுமை தூக்க வந்தவன். கோயம்புத்தூரிலிருந்து பழைய மோல்டிங் மெஷினை லாரியில் இறக்கியபோது அதோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. படத்தைப் பார்த்தே முழுக்கப் பிரித்தேன், பிரித்ததைத் திரும்ப மாட்டினேன். மாட்டி முடித்த பிறகு ஒரு திருகாணி மிஞ்சியது. நீ அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏலே, இது மெஷின்ல உள்ளதா, ஒன் மண்டையில இருந்து கழண்டதா?" என்றாய். அந்தத் திருகாணி இல்லாமலே மெஷின் கடைசிவரை ஓடியது. அது எங்கே உட்கார வேண்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் இரண்டே பொருள்தான். பிளாஸ்டிக் குருணை ஒன்று, கரண்டு ஒன்று. குருணை கப்பலில் வரும். அதன் விலை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கரண்டின் விலைதான் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு வேறு. குருணையை உருக்குவதும் கரண்டு, அச்சை இறுக்கிப் பிடிப்பதும் கரண்டு, பெட்டியைக் குளிரவைக்கும் தண்ணீரை ஓட்டுவதும் கரண்டு. யாருடைய பெட்டி மலிவு என்பதை அதுதான் முடிவு செய்கிறது. நம் ஜன்னலைத் திறந்தால் மேஜையெல்லாம் கரித்தூள். நிலக்கரி நம் துறைமுகத்தில் இறங்கி, நம் கண்முன்னே பெல்ட்டில் அனல்மின் நிலையத்துக்குப் போய்க் கரண்டாகும். நீ தினமும் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "கரிய மட்டும் ஓசியில தாரான்" என்பாய்.

பழைய தோணி ஒன்றிலிருந்து கழற்றிய வெண்கல மணியை வாசலில் கட்டினாயே. வெளியாட்கள் அதைச் சாமி மணி என்று நினைத்தார்கள். அது நம் மீட்டருக்கான மணி. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் சூடேறினால் மீட்டர் அந்த உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதத்தில் ஒருமுறை ஏறினாலும் மாதம் முழுக்க அந்த உச்சத்துக்கே கட்டணம். அதனால் நீ ஒரு மணி அடித்தால் முதல் மெஷின். அது சூடாகி நிலைக்கு வந்த பிறகு அடுத்த மணி, அடுத்த மெஷின். காலையிலும் மாலையிலும் யூனிட் விலை ஏறுகிற நேரம் வந்தால், பேரல் என்கிற உருக்குக் குழாய்க்குள் உருகிக் கிடப்பதை வெளியே தள்ளிவிட்டு நிறுத்தச் சொல்லி வேறொரு மணி. தள்ளாமல் நிறுத்தினால் உள்ளேயே இறுகிவிடும்; நிறுத்தாமல் ஓட்டினால் பில் ஏறிவிடும். கோயில் பூசைக்குக்கூட இத்தனை ஒழுங்காக மணி அடித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் தடைக்காலத்துக்கு எந்த மணி அடிப்பது? மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தும். அதை நாம் தப்பென்று சொன்னதில்லை. படகு நின்றால் பெட்டி வாங்க ஆளில்லை, மெஷினும் நிற்கும். ஓடாத மெஷினுக்கும் இவ்வளவு கரண்டு இழுக்கலாம் என்று நாம் எழுதி வாங்கிவைத்த பளுவுக்கான கட்டணம் மட்டும் வரும். வருஷந்தவறாமல் நீ மின் அலுவலகத்துக்குப் போனாய். ஒருமுறை நானும் கூட வந்தேன். தடைக்காலத்துக்கு மட்டும் பளுவைக் குறைத்து, படகு போனதும் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டாய்.

"அப்படி ரூல் இல்ல அண்ணாச்சி" என்றார் அதிகாரி.

"சார், கடலுக்கு கவர்மென்டு லீவு விட்டிருக்கு. மீட்டருக்கும் சேத்து விடச் சொல்லுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார், டீ வாங்கித் தந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எதுவும் நடக்கவில்லை. படியிறங்கும்போது நீ என்னிடம், "மீட்டரு கடலப் பாக்காதுல" என்றாய். அதற்குப் பிறகு அது உன் வாயிலேயே தங்கிவிட்டது. ஐஸ் தட்டுப்பாடு என்றாலும் சொன்னாய், லாரி வரவில்லை என்றாலும் சொன்னாய்.

கடைசி வருஷம் தடை முடிந்து முதல் படகுகள் திரும்பிய காலையை மறக்க முடியாது. எல்லாப் படகிலும் மீன் நிறைந்திருந்தது. படகுக்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். "அண்ணாச்சி, மீனு தரையில கெடக்கு, பெட்டி தாரியளா, இல்ல மதுரக்காரன்கிட்ட போவட்டா?" நீ மணியைப் பார்த்தாய். பிறகு அடிக்காமலே உள்ளே போய் எல்லா மெஷினையும் ஒன்றாகப் போட்டுவிட்டாய். நான் கத்தினேன். "மீனு நாறுதுல" என்று மட்டும் சொன்னாய். அந்த ஒரு காலைக்காக அந்த மாத பில் வீங்கியது, அளவு மீறியதற்கு அபராதமும் வந்தது. இது உண்மை. நான் மறைக்கவில்லை.

ஆனால் அந்தப் பில்லை நாம் கட்டினோமே. அதையும் சொல்ல வேண்டாமா? கட்டி முடித்து மறுபடியும் ஓட்டினோம். நம்மை முடித்தது அதற்குப் பிறகு நம் துறைமுகத்திலேயே கண்டெய்னரில் வந்து இறங்கிய பெட்டிகள். கரண்டு மலிவாகக் கிடைக்கிற ஏதோ ஒரு நாட்டில் செய்தவை. கப்பல் வாடகையும் சேர்த்து, நாம் ஒரு பெட்டிக்குச் செலவழிக்கும் கரண்டும் குருணையும் சேர்ந்த விலைக்குக் கீழே விற்றார்கள். நீ ஒன்றைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத வெயில்ல காயப்போட்டுச் செஞ்சானுவளாலே?" என்றாய். அடி முழுக்க ஓட்டை. நமக்கு மெஷின் நின்ற மாதத்திலும் செலவு. அவனுக்கு ஓடுகிற மாதத்திலேயே அவ்வளவு செலவில்லை. இதில் எங்கே வந்தது உன் அவசரம்?

நீ போன பிறகு தொழிற்பேட்டைச் சங்கத்தில் இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள். "ஆர்வம் மிக்கவர், அவசரப்பட்டதால் தொழிலை இழந்தார்." நான் எழுந்து, அது பொய் என்றேன். "உக்காருங்க அண்ணாச்சி, போனவரப் பத்தி நல்லதுதான சொல்லுதோம்" என்றார் சங்கத் தலைவர். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நான் பிறகு கால் வைக்கவில்லை.

சுவரில் தொங்குகிற எழுத்துதானே என்று விட்டுவிடலாம். விட முடியாதபடி ஆகிவிட்டது. உன் மகள் ஜெனிட்டா பட்டறையைத் திரும்பத் திறக்கப் பார்க்கிறாள். கூரையில் சூரியப் பலகை போட்டுப் பகலில் மட்டும் ஓட்டலாம், தடைக்காலத்தில் மீன் பெட்டிக்குப் பதில் உப்பளத்துக்கும் முருங்கைக்காய் ஏற்றுகிறவர்களுக்கும் பெட்டி செய்யலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நமக்கு இது தோன்றவில்லை பார். கடன் கேட்டு பேங்குக்குப் போனாள். பேங்குக்காரர்கள் சங்கத்தில் விசாரித்திருக்கிறார்கள். சங்கத்துக்காரர்கள் சுவரில் இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று வீட்டுக்கு வந்தாள். "அப்பாவே அவசரப்பட்டுத் தொலைச்சாருன்னு சொல்லுதாவ மாமா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பப் போய்க் கேக்க? பழைய இரும்புக்காரரு அச்சக் கேக்காரு. குடுத்திரட்டுமா?"

"குடுத்தா ஒங்கப்பன் எந்திரிச்சு வந்திருவான்" என்றேன்.

"வரட்டும். வந்து அவரே பேங்குல பேசட்டும்" என்றாள். அப்படியே உன் வாய்.

ஆகவே யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். இதன் நகலைச் சங்கத்துக்கும் அனுப்பப் போகிறேன். சங்கத் தலைவர் அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். "அவசரப்பட்டதால்" என்பதை அடித்துவிட்டு, கரண்டு விலையால் தொழிலை இழந்தார் என்று எழுத வேண்டும். எழுதியதைப் பேங்குக்குப் போய் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். பேங்குக்காரர்கள் அப்பனைப் பற்றி விசாரித்தது போதும், மகள் போட்ட கணக்கைப் படிக்க வேண்டும். மின் அலுவலகத்துக்காரர்கள் நீ கேட்டதற்கு, நீ இல்லாவிட்டாலும், பதில் சொல்ல வேண்டும்: அரசாங்கம் நிறுத்தச் சொன்ன மாதங்களுக்கு, நின்ற மெஷினிடம் எதற்குக் காசு? அன்று வாசலில் நின்று அவசரப்படுத்திய படகுக்காரர்கள், உன்னை அவசரக்காரன் என்று சொல்கிற இடத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜெனிட்டா அச்சை இரும்புக்காரருக்குக் கொடுக்கக் கூடாது. மூலைத் துளையை மாற்றவும் கூடாது.

எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. உன் மணி என் வீட்டில்தான் இருக்கிறது. பட்டறை மூடிய அன்று நீ கழற்றி என் கையில் கொடுத்தது. கரித்தூள் படியாமல் துடைத்தே வைத்திருக்கிறேன். அவள் முதல் மெஷினைப் போடுகிற காலையில் நான் போய் அதை அடிக்க வேண்டும். முதல் பெட்டியை நண்டுக்காரியிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.