சத்தமில்லாத பாட்டு வகுப்பு

அன்புள்ள அம்மா, முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், தொண்டைதான் கட்டிக்கொண்டது.

கணினியில் வாண்டுகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கிறேன் அல்லவா? சேர்ந்து பாடினால் ஒவ்வொரு குரலும் முன்னேபின்னே வந்து சந்தைக்கடையாகிவிடும். அதனால் அவர்கள் மைக்கையெல்லாம் அணைத்துவிட்டு நான் மட்டும் பாடுவேன். திரையில் குட்டி வாய்கள் திறந்து மூடும். பொழுதன்னைக்கும் இதே பிழைப்பு.

நேற்று ஒரு பயல் மைக்கைத் திறந்துவிட்டான். அவன் வீட்டு அடுக்களையிலிருந்து, "சாப்பாடு ஆறிப்போகுது, வா கண்ணு!" என்று அவன் அம்மாவின் குரல். பாட்டை நிறுத்திவிட்டு, "இதோ வரேம்மா" என்று நான் பதில் சொல்லிவிட்டேன். பயல் சாப்பிட ஓடிவிட்டான்; மற்ற வாண்டுகள் விழுந்து விழுந்து சிரிக்க, என் சிரிப்பு மட்டும்தான் அறையில் கேட்டது.

தொண்டைக்கு நீ என்ன போட்டுக் காய்ச்சுவாய், சொல். அடுத்த வகுப்பு வந்துவிட்டது. போன் செய்யும்போது 'சாப்டியா?' என்று கேட்காதே அம்மா. ஒருதரம் சாப்பிடக் கூப்பிடு.

உன் மகள்