ஓடையைத் தாண்டிய சின்ன வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம், அசதிதான்.

செவ்வாயன்று நோயாளி ஒருவருக்கு என் சின்னக் காரில் இன்சுலின் கொண்டுபோனேன். இங்கே யூட்டாவில் மழை பெய்து, ஓடை பாதையை அரித்திருந்தது. அவர் மனைவி லொரெட்டா அக்கரையில் நின்று, "ஏம்மா நர்சு, இந்தத் தகரடப்பாவுலயா வர்ற?" என்று கத்தினாள்.

நான்கு சக்கரமும் இழுக்கும் பொத்தானை அழுத்தி ஊர்ந்தேன். அடிப்பாகம் பாறையில் உரசியது. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. வண்டியே அதைப் பிடித்து நிறுத்தி, மற்ற மூன்றால் கரையேறிவிட்டது.

"ஆத்தாடி, ஏறிடுச்சே!" என்றாள் லொரெட்டா. அவள் கணவருக்கு ஊசி போட்டு முடித்த பிறகுதான் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தேன்; ஒரு கீறல்தான். பயப்படாதீர்கள்.

வண்டிக்கு அடியில் காப்புத் தகடு போட வேண்டுமா? ஞாயிறன்று கூப்பிட்டுச் சொல்லுங்கள். சுருக்கமாக வேண்டாம், நீளமாகவே சொல்லுங்கள்.

அடுத்த நோயாளியின் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

உங்கள் மகள்,
டெல்பின்