இடப்பக்கம் என்னுடையது

பிப்ரவரி 3, செவ்வாய்

நாள் முழுக்கக் காரின் இடுப்பையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் என் இடுப்பை யார் பார்ப்பது? தைலம் தடவிக்கொண்டு எழுதுகிறேன்.

பெரிய மேடம் தேதி சொல்லிவிட்டார். மார்ச் 2, காலை பத்து மணி. அன்றைக்குக் களிமண் காரின் இரண்டு பக்கங்களில் ஒன்று ஜெயிக்கும். மற்றதைச் சுரண்டி வாளியில் போட்டுவிடுவார்கள்.

கார் வடிவமைக்கும் எங்கள் கூடத்து வழக்கம் அது. நிஜக் கார் அளவுக்கே ஒரு களிமண் கார். நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ஒருவருக்கு, வலப்பக்கம் இன்னொருவருக்கு. மேலே ஒரே பெரிய துணி. அவரவர் பக்கத்தை மட்டும் சுருட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். அடுத்தவர் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. இடம் பற்றாது என்று காரணம் சொல்வார்கள். எனக்கென்னவோ மூட்டிவிட்டு வேடிக்கை பார்க்கத்தான் என்று படுகிறது.

இடப்பக்கம் நான். வலப்பக்கம் சீப்பு. சட்டைப் பையில் சீப்பில்லாமல் அவனைப் பெற்றவர்களே பார்த்திருக்க மாட்டார்கள். என்னைவிட ஐந்து வருஷம் சின்னவன். எதற்கெடுத்தாலும் “அக்கா, அக்கா” என்பான். அந்த அக்காவில் மரியாதையைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும்.

எட்டு வருஷமாக நான் செய்தது கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி, மறுபடியும் கதவுக் கைப்பிடி. அரைக் கார் கையில் கிடைத்திருப்பது இதுதான் முதல் தடவை. தோற்றால் திரும்பவும் கைப்பிடிதான். தோற்கக் கூடாது.

பிப்ரவரி 5, வியாழன்

செய்ய வேண்டியது மின்சாரத்தில் ஓடும் எஸ்டேட் கார். கூரை பின்கோடி வரை நீண்டு, டிக்கியும் உட்காரும் இடமும் ஒரே கூடமாக இருக்குமே, அந்தக் குடும்ப வண்டி. ஆனால் பந்தயக் கார் மாதிரி பாயவும் வேண்டுமாம். கண்காட்சியில் வைக்க ஒன்றே ஒன்று செய்வார்கள். மேடத்தின் உத்தரவு: “வீட்டுச் சாமான் மொத்தமும் ஏறணும். ஆனா நிக்கும்போதே ஓடுற மாதிரி இருக்கணும்.” ஆசை இருக்கு தாசில் பண்ண என்பது இதைத்தான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவருக்கு உலகமே வாஷிங் மெஷின்தான். “எண்பத்தஞ்சு சென்டிமீட்டர் உயரம். அது நிமிர்ந்து உள்ள போச்சுன்னா எஸ்டேட். போகலைன்னா வெறும் பவுசு” என்றார். அதையே பிடித்துக்கொண்டேன். என் டிக்கியின் வாய் எண்பத்தெட்டு.

பிப்ரவரி 9, திங்கள்

எட்டிப் பார்க்கக் கூடாது, சரி. கூடத்து ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலித்துத் தெரிவதை என்ன செய்வது? என் கண்ணைக் குத்திக்கொள்வதா?

சீப்பின் கூரை பின்னால் போகப் போகச் சரிகிறது. என்னுடையதைவிட நாலு விரல் கீழே. சனியன், அழகாக இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

சத்தமே போடாத மின்சாரக் காருக்குச் சத்தம் தயாரிக்க ஒருவர் வந்திருக்கிறார். ஏழு விதமாக உறுமிக் காட்டினார். ஐந்தாவது எங்கள் வீட்டு மிக்ஸி. சொன்னேன். மேடம் சிரித்தார், உறுமியவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

சீப்பின் நிம்மதியைக் கெடுக்க ஒரு சின்ன வேலை. கோடு எப்படி ஓடுகிறது என்று பார்க்க, களிமண் மேல் கறுப்பு நாடா ஒட்டுவோம். அவன் டீ குடிக்கப் போனபோது அவன் பக்கத்துச் சக்கர வளைவின் நாடாவை ஒரு நூல் மேலே நகர்த்தினேன். மத்தியானம் முழுக்கத் தள்ளி நின்றும், கிட்டே வந்தும், ஒற்றைக் கண்ணை மூடியும் பார்த்தான். பாவம். பாவமென்ன பாவம்.

பிப்ரவரி 18, புதன்

என் ஜன்னல் கோட்டில் ஏதோ சரியில்லை. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது — என் நாடாவும் ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது. படுபாவி!

பிப்ரவரி 25, புதன்

மேடம் சுற்றிப் பார்க்க வந்தார். என் பக்கம் இரண்டு நிமிஷம். “டிக்கி பெரிசு” என்றார். அவ்வளவுதான். சீப்பின் பக்கம் போய்ப் பத்து நிமிஷம் நின்றாராம். களிமண் அண்ணன் சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் களிமண் வைப்பதும் சீவுவதும் அவர்தான், பொய் சொல்லத் தெரியாதவர்.

பத்து நிமிஷம்! அப்படியென்றால் முடிந்தது. கைப்பிடியே, இதோ வந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, சனி

செய்துவிட்டேன். எழுதக் கூசுகிறது. இங்கே எழுதாமல் வேறெங்கே எழுத?

விடுமுறை நாளில் களிமண் அண்ணனை வரவழைத்தேன். “அண்ணே, என் கூரையை நாலு விரல் இறக்கிடுங்க. சரிவு அப்படியே பின்கோடி வரைக்கும் போகணும்.” ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். “சீப்புக்கிட்ட மூச்சு விடக் கூடாது” என்றேன். “நான் ஏம்மா சொல்லப் போறேன்” என்றார்.

சாயங்காலத்துக்குள் சீவி, தேய்த்து, பெயின்ட் அடித்த மாதிரி வெள்ளித் தாளும் ஒட்டிவிட்டோம். துணியைச் சுருட்டிப் பிடித்துப் பார்த்தேன். பாய்கிறது. வண்டி பாய்கிறது! டிக்கியின் வாய் எண்பத்தொன்றாகிவிட்டது. இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 2, திங்கள்

எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். சிரிப்பினாலா பயத்தினாலா தெரியவில்லை.

பத்து மணிக்குத் துணியை இழுத்தார்கள். என் பக்கம் தாழ்ந்த கூரை. சுற்றிப் போய் வலப்பக்கம் பார்த்தால் — உயர்ந்த கூரை. அகல வாய் டிக்கி. என் டிக்கி! எண்பத்தெட்டு! பின்னால் நின்று பார்த்தால் கூரை நடுவில் படி வைத்த மாதிரி இருந்தது. என்ன, படி திசை மாறிவிட்டது.

சீப்பு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

முதலில் அவன் பேசினான். “ஒரு குடும்பம் வீடு மாறும்போது எதை விட்டுட்டுப் போறதுன்னு யோசிக்கக் கூடாது. அதுக்குப் பேருதான் எஸ்டேட்.” நான் ஒரு மாதமாகச் சொல்ல நினைத்து வாயில் வராததை அவன் ஒரே மூச்சில் சொன்னான். அவ்வளவு நன்றாக இருந்தது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

அடுத்து நான். சரிவு, வேகம், காற்று வழுக்கிக்கொண்டு போவது என்று என்னென்னவோ உளறினேன்.

மேடம் நேராக என் பக்கம் வந்து நின்றார். “இந்தக் கூரைதான். இந்தக் கார் வேலையை நீயே நடத்து. ஆனா ஒரு மாசமா வாஷிங் மெஷின், வாஷிங் மெஷின்னு சொல்லிட்டிருந்தியே, அது எங்க போச்சு? இந்தக் கூரையும் வேணும், அந்த டிக்கியும் வேணும். மூணு வாரம்.”

ஜெயித்துவிட்டேன். அவனுடைய கூரையை வைத்து.

பிறகு களிமண் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சீப்பும் வந்தானாம். அந்தப் பத்து நிமிஷத்தில் மேடம் இரண்டு தடவை “சாமான் எங்க வைப்பே?” என்று கேட்டதில் அவனுக்கும் குலை நடுங்கியிருக்கிறது. “ஏண்ணே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீ சொல்லாதேன்னே. அவனும் சொல்லாதேன்னான். நான் வாக்கு தவறினதே இல்லம்மா” என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. பொய் சொல்லத் தெரியாதவர் என்று எழுதியிருந்தேனே, அதை நம்பித்தான் கெட்டேன்.

மார்ச் 4, புதன்

சீப்பை வேறு சின்னக் காருக்கு மாற்றிவிட்டார்கள். கதவுக் கைப்பிடி.

அவன் மேஜை வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

டிக்கியின் தரைக்குக் கீழே பேட்டரி. அதைக் கொஞ்சம் நகர்த்தித் தாருங்கள் என்று பேட்டரிக்காரம்மாவிடம் கெஞ்சினேன். “ஒரு மில்லி கூடக் கிடையாது” என்றார். அவருக்கு முதுகெலும்பும் பேட்டரிதான் போலிருக்கிறது.

கூரையைத் தூக்கினால் அழகு போகும். தூக்காவிட்டால் மெஷின் போகாது. அந்தச் சரிவு எங்கே தொடங்கி எங்கே மூச்சு விடுகிறது என்று எனக்கே புரியவில்லை. எப்படிப் புரியும்? நான் போட்ட கோடா அது?

இவர் கேட்டார், “உன் கார்ல மெஷின் போகும்ல?” குளிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். காலையில் வாசலில் நான்கு தடவை நடந்துவிட்டு, மேடத்தின் அறைக்குள் போய் நின்ற நிலையிலேயே கொட்டினேன். “அந்தக் கூரை என்னோடது இல்ல மேடம். அவனோடது. ஜன்னல்ல பார்த்துத் திருடினேன். காரை எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்குங்க.” எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்ததை நானே தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் அழுகை வராதா? வந்தது.

மேடம் தண்ணீர் கொடுத்தார். “எட்டு வருஷமா நீ போட்ட கோட்டைப் பார்க்கிறேன். அவ்வளவு சரிவா ஒண்ணு கூட இருந்ததில்ல. தெரியாதுன்னா நினைச்சே? நீ எத்தனை நாள் தாங்குறேன்னு பார்த்தேன்.” பேனாவை மூடி வைத்தார். “கார் உன்கிட்டயேதான் இருக்கும். அவனை நீயே போய்க் கூப்பிடு. வரமாட்டேன்னா அது உன் பாடு.”

போனேன். கைப்பிடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். “என் கூரையை நாலு நாள்ல கெடுத்திருப்பீங்களே அக்கா” என்றான். “என் டிக்கியை நீ ஒரே நாள்ல எடுத்தியேடா” என்றேன். முதல் தடவையாக “டா” வந்துவிட்டது. சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டே எழுந்து வந்தான்.

மார்ச் 13, வெள்ளி

சண்டை. சண்டை. நடுவில் டீ. மறுபடியும் சண்டை.

பின்சீட்டுக்குக் கீழே ஓர் இடம் சும்மா கிடக்கிறதாம். ஒரு வரிசை பேட்டரியை அங்கே தள்ளினால் டிக்கியின் தரை ஐந்து சென்டிமீட்டர் இறங்கும். போன மாதமே கண்டுபிடித்து வைத்திருக்கிறான், என்னிடம் மறைத்துத்தான். பேட்டரிக்காரம்மா அவனுக்கு மட்டும் தலையாட்டினார். எனக்கு ஒரு மில்லி கிடையாது, அவனுக்கு ஒரு வரிசை!

சரிவு பின்சீட்டுக்காரர் தலைக்குப் பின்னால்தான் தொடங்க வேண்டும் என்றேன் நான். அவன் முணுமுணுத்தான். அவனையே நாற்காலியில் உட்காரவைத்து, சரிவின் உயரத்தில் ஓர் அட்டையைப் பிடித்துக் காட்டினேன். தலை இடித்தது. ஒப்புக்கொண்டான். சாமான் ஏற்றும்போது பின்சக்கரத்தில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்றுப் பைகள் சுருங்கி வண்டி மண்டியிடும் என்பதும் என் யோசனை. அவனுடையது என்கிறான்.

மார்ச் 20, வெள்ளி

ஒட்டுப்பலகையில் டிக்கியையும் அதன் மேல் கூரையையும் மட்டும் அதே அளவில் செய்தோம். இவர் மெஷினோடு வந்தார். பெரிய மேடம், பேட்டரிக்காரம்மா, களிமண் அண்ணன் எல்லோரும் கைகட்டி நின்றார்கள். இவர் யாரையும் கவனிக்கவில்லை. மெஷினைச் சாய்த்து, விளிம்பில் முட்டுக்கொடுத்து, நிமிர்த்தித் தள்ளினார். மேலே ஒரு விரல் இடைவெளி. உள்ளே.

“இது எஸ்டேட்” என்றார். பிறகு தள்ளி நின்று கூரையின் சரிவைப் பார்த்து, “பவுசும் இருக்கு” என்றார். எனக்கு அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அலுவலகம் என்பதால் சீப்பின் முதுகில் ஒன்று வைத்தேன்.

ஜூன் 8, திங்கள்

கண்காட்சி முடிந்து அடுத்த காருக்குக் களிமண் வந்து இறங்கிவிட்டது. மறுபடியும் நடுவில் கோடு. இந்தத் தடவை இரண்டு பக்கமும் எனக்கே என்றார் மேடம். இதற்காகத்தான் எட்டு வருஷம் தவம் கிடந்தேன்.

ஒரு வாரம் தனியாக முட்டினேன். இடப்பக்கத்தில் தப்பு செய்தால் வலப்பக்கமும் அதே தப்பை ஒழுங்காகச் செய்கிறது. போன வெள்ளிக்கிழமை மேடத்திடம் போய், வலப்பக்கத்தைச் சீப்புக்குக் கொடுக்கச் சொன்னேன். உடனே தலையாட்டினார். இன்று காலை சீப்பு கையில் சுருட்டிய வரைபடத் தாளோடு வந்தான். வந்ததும் அதை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான்.

நான் என் தாளைச் சுருட்டவில்லை. விரித்த நிலையில் மேஜை மேல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அவனுக்குப் பத்து நிமிஷம் போதுமோ போதாதோ என்று இன்னொரு டீயும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.