மூன்றாவது குரல்

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஒரு பேய்ப்பட வரிசையை வைத்து வந்த மொபைல் கேமை எல்லோரும் திட்டித் தீர்த்துவிட்டார்கள். படத்தில் இருந்த பயம் இதில் இல்லையாம். நானும் ஒரே ஒரு ஸ்டார் போட்டு விமர்சனம் எழுதியிருந்தேன்: "இதில் பேய் மூன்று முறை கூப்பிடுகிறது. எங்கள் ராஜபாளையத்தில் பேய் இரண்டு முறைக்கு மேல் கூப்பிடாது. மூன்றாவது குரலுக்குத்தான் நாங்கள் பதில் சொல்வோம்."

இன்று கேம் கம்பெனி பதில் போட்டிருந்தது. சரிசெய்துவிட்டார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அப்டேட்டைப் போட்டுவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் அம்மாவின் குரல். "ஏட்டி செல்வி, கதவத் தொற."

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில் அல்லவா இருக்கிறாள்? கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது குரலுக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. கதவைத் திறந்தபோது தெருவில் ஆளில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். "ஒன்னையப் பாக்கணும்னு அம்மா மத்தியானமே பஸ் ஏறிட்டாளே. இன்னும் வரலையாட்டி?"

என் வீட்டுக்காரர் அம்மாவைத் தேடிப் போயிருக்கிறார். இன்னும் போன் இல்லை. கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா, ஒரு தடவை கூப்பிடு. போதும்.