ஊமைக்கோட்டான் வரைந்த முகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

விடுதியில் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

நான் பார்க்கும் ஜப்பானியக் கார்ட்டூனில், அதுதான் அனிமேயில், ஒரு கூச்சக்காரப் பெண் வருவாள் என்றேனே, அவளை எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா? தலைமுடிக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வாள். ஆனால் சண்டை என்று வந்தால் ஓரடி பின்வாங்கமாட்டாள். அவளை வரைந்து என் அலமாரியில் வைத்திருந்தேன். என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும் அறைத்தோழி அதை எடுத்துத் தன் பெயரில் ஓவியப் போட்டிக்குக் கொடுத்துவிட்டாள். முதல் பரிசும் அறிவித்துவிட்டார்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பரிசளிப்பு நாள்வரை காத்திருந்து, எல்லோர் முன்னாலும் மேடையேறித் தாளையும் பென்சிலையும் அவளிடம் நீட்டினேன்.

"அந்த முகத்த மட்டும் இன்னொரு தடவ வரைஞ்சு காட்டேன்."

"இப்ப மூடு இல்லடி."

"சும்மா ரெண்டு கோடு போடும்மா, பாப்போம்," என்றார் ஓவிய ஆசிரியர்.

அவள் வரைந்தது கண் வைத்த கத்தரிக்காய் போலிருந்தது. அரங்கமே சிரித்தது. அவள் அழுதாள். எனக்குப் பாவமாகவே இல்லை, அம்மா. ஆற அமர நின்று பார்த்துவிட்டு, அதே தாளின் மறுபக்கத்தில் நான் வரைந்தேன். பரிசு கை மாறியது.

இப்போது அறையில் அவளும் மற்ற இருவரும் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பதை எனக்கே கற்றுத்தருகிறார்கள், பாவம். அலமாரிக்கு ஒரு பூட்டு வேண்டும். தபாலில் அனுப்பினால் தொலைந்துவிடும், நீயே கொண்டுவா. மணி அடித்துவிட்டார்கள்.

உன் மகள்